மோர் துப்பிய பெட்டியில் என் பங்கு

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், இடது பக்கச் சந்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த மூன்று மாடிக் கெஸ்ட் ஹவுஸ் ஒன்று நிற்கும். அதைக் கட்டியவன் இந்த ஏழுமலை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாஸா பெயிலா என்பது வாத்தியாருக்கே கடைசிவரை தெளிவாகவில்லை. கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறவர்கள் மூன்று பேர் வந்து, "இங்க ஒரு சொட்டு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போன பாறையில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தவனும் நான்தான். வேங்கிக்காலில் இருக்கிற வீடு, அதன் மாடி, அந்த மாடிக்குப் போகிற படிக்கட்டு எல்லாம் நான் கட்டியவை. (படிக்கட்டை இஞ்சினியர் பிளானில் மறந்துவிட்டார். நான்தான் ஞாபகப்படுத்தினேன்.) வாடகை சைக்கிள் கடையில் ஆரம்பித்தேன், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீர் வெட்டினேன். கடன் கேட்டுப் போனபோது பேங்க் மேனேஜர், "உங்களுக்குக் கையெழுத்து போடத் தெரியுமா?" என்று கேட்டார். போட்டுக் காட்டினேன். அவர் இப்போது ரிட்டையர் ஆகி, கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் தினமும் வாக்கிங் போகிறார். அந்த மனையும் என்னுடையது.

இத்தனையும் எப்படி முடிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என்னிடம் வேலை செய்கிற யாரும் சும்மா உட்காரக் கூடாது. வாட்ச்மேனுக்கு ஸ்டூல் கிடையாது. ரிசப்ஷனில் நாற்காலி உண்டு, ஆனால் அதில் ஒரு கால் ஆடும், அதனால் யாரும் தூங்க முடியாது. எனக்கும் அதே சட்டம்தான். கிரிவலம் போனால் எந்த லிங்கத்திடமும் நான் நிற்பதில்லை. நடக்கிற நடையிலேயே கும்பிட்டு, நடக்கிற நடையிலேயே கன்னத்தில் போட்டுக்கொள்வேன். என் வயதுக்காரர்கள் பாதி மலை சுற்றி முடிப்பதற்குள் நான் வீட்டுக்கு வந்து, அவர்கள் இன்னும் வரவில்லையே என்று குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் கெஸ்ட் ஹவுஸுக்கு வருகிறவர்கள் சும்மா உட்காருவதற்காகவே விமானம் ஏறி வருகிறவர்கள். மொட்டை மாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் அசைவார்கள். முதன்முதலாக வந்த ஒரு வெளிநாட்டு அம்மாவுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து டாக்டரையே கூப்பிட்டுவிட்டேன். (அந்த டாக்டரும் பக்கத்தில் உட்கார்ந்து மலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.) ஆனால் அவர்கள் வாடகை கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். அது வேறு கணக்கு.

என் மருமகள் சுகன்யா இஞ்சினியர், போளூர்ப் பெண். மகன் பிரபுவும் அவளும் சென்னையில் வேலையில் இருந்தார்கள். "சொந்தமா ஏதாவது பண்றேன் மாமா" என்று அவள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். பின்னாலேயே மகனும் பேத்தியும் வந்தார்கள். என் மாடியில் மேஜை போட்டு, ஒயரும் பலகையுமாக அவள் வேலை செய்ய ஆரம்பித்தாள். அவள் செய்தது ஒரு மோர்ப் பெட்டி. டம்ளரைக் கீழே வைத்தால் பெட்டிக்குக் கண் தெரியும். வால்வு திறந்து மோர் கொட்டும், டம்ளர் நிரம்பும்போது தானாக மூடிக்கொள்ளும்.

அடி அண்ணாமலையில் அன்னதானச் சங்கம் ஒன்று இருக்கிறது. தலைவர் தனபால், ரைஸ் மில்காரர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. "சித்திரை பௌர்ணமிக்கு எங்க பந்தல்ல வச்சுக் காட்டும்மா. நல்லா ஓடுச்சுன்னா கிரிவலப் பாதை பூரா நம்ம பந்தலுக்கெல்லாம் இதே வச்சிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த ஆர்டர் வந்தால் என் மாடியில் பட்டறை. வராவிட்டால் சென்னைக் கம்பெனி மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, ஸ்கூல் திறப்பதற்குள் மூன்று பேரும் மூட்டை கட்டிவிடுவார்கள். நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பேத்தி மாடிப்படியில் தடதடவென்று இறங்குகிற சத்தம் இல்லாமல் அந்தப் படிக்கட்டை நான் எதற்கு ஞாபகப்படுத்தினேன்?

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் காபி குடிக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். கம்ப்யூட்டரில் ஏதோ எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், லாரி நம்பர் பிளேட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. சின்னச் சின்ன வரிகள், ஒவ்வொன்றும் ஒரு கட்டளையாம். அசெம்பிளி என்று அந்தப் பாஷைக்குப் பெயர். (சட்டசபை இல்லை. நானும் முதலில் அப்படித்தான் மரியாதை கொடுத்தேன்.) பெட்டிக்குள் மூளையாக இருக்கிற சின்னச் சிப்புக்கு இந்தப் பாஷைதான் தோதாம், எந்த வரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சரியாகக் கணக்குப் போடலாமாம். அதில் ஓர் இடத்தில் என்.ஓ.பி., என்.ஓ.பி. என்று ஒரே பெயர் கீழே கீழே கும்பலாக நின்றது.

"இது இன்னாம்மா, ஒரே ஆளு வரிசை கட்டி நிக்கறான்?"

"அது நாப் மாமா."

"இன்னா வேலை செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது மாமா."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணுமே. சிப்பு அந்த வரிக்கு வந்தா, எதையும் தொடாம சும்மா இருந்துட்டு அடுத்த வரிக்குப் போயிடும்."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "மேல இருக்கறவன் இன்னா பண்றான்?"

"வால்வைத் தொறக்கறான்."

"கீழ இருக்கறவன்?"

"மூடறான்."

"அப்ப நடுவுல இருக்கறவங்க எல்லாம் வேடிக்கை பாக்கறாங்களா?"

சுகன்யாவுக்குப் பொறுமை ஜாஸ்தி. நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "டம்ளர் ரொம்பறதுக்கு நேரம் ஆகணும்ல மாமா. சிப்பு ரொம்ப வேகம். தொறந்த உடனே மூடச் சொன்னா ஒரு சொட்டுதான் வரும். கிரிவலத்துல ஒவ்வொரு லிங்கத்துக்கிட்டயும் நின்னு நின்னு போறாங்க இல்ல? அந்த மாதிரி சிப்பையும் சுத்த விட்டிருக்கேன். ஒவ்வொரு சுத்துலயும் இந்த நாப்ங்க கிட்ட நின்னு நின்னு வரும். சுத்தி முடிக்கறதுக்குள்ள டம்ளர் ரொம்பிடும்."

"நான் எந்த லிங்கத்துக்கிட்டயும் நிக்க மாட்டேன்."

"நீங்க சிப்பு இல்ல மாமா."

"சரி, கடைசியில ஒரு கும்பல் இருக்கே, அவங்க?"

"அது இடம் புடிச்சு வச்சிருக்கேன். பின்னாடி எதையாவது சேக்கணும்னா அங்க போட்டுக்கலாம். பஸ்ல துண்டு போடற மாதிரி."

"துண்டு போட்ட சீட்டுல உக்காந்து, சண்டை போட்டு ஜெயிச்சவன் நான்."

அவள் சிரித்தாள். மருமகள் சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

அன்று முழுக்க மாடிப் பக்கமே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில், என் கரண்டில், என் மாடியில் ஒன்றும் செய்யாதவர்கள் கும்பலாக நிற்கிறார்கள். மறுநாள் மத்தியானம் ஏதோ டியூப் வாங்க வேண்டும் என்று சுகன்யாவும் பிரபுவும் பஜாருக்குப் போனார்கள். நான் மேஜை முன்னால் உட்கார்ந்தேன். கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் நானே ஒரு விரலால் அடிக்கிறவன். அழிக்கிற பட்டன் எது, சேவ் பண்ணுகிற பட்டன் எது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒவ்வொருவனாக வெளியே அனுப்பினேன். வேலை செய்கிற வரி ஒன்றிலும் கை படவில்லை, அதில் நான் ஜாக்கிரதை. கடைசியாக ஒருத்தன் மட்டும் நின்றான். தனியாக நிற்பதைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தனை விட்டுவைத்தால் நாளைக்கு மற்றவர்கள் பேசுவார்கள். அவனையும் அனுப்பினேன்.

சாயங்காலம் என் மனைவி மல்லிகா, பெட்டி எழுப்புகிற பீப் சத்தம் லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். சுகன்யா கம்ப்யூட்டரைத் திறந்து, மேலே முதலிலேயே இருந்த சத்தத்துக்கான வரியை மட்டும் மாற்றி, சிப்பில் ஏற்றினாள். பெட்டியை ஏற்கெனவே துடைத்துக் கட்டி வைத்திருந்ததால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது, போதும் என்று விட்டுவிட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நாளைக்குப் பந்தலில் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே சமயம் அதுதான் என்று மல்லிகா இன்றைக்கும் சொல்கிறாள்.

சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டுமா? காலை பத்து மணிக்கே தார் ரோடு காலைச் சுட்டது. சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பந்தலுக்கு முன்னால் வரிசை நீண்டுவிட்டது. தனபால் வந்தார், மாலை போட்டார்கள். மைக்கை என்னிடம் யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

"இந்த மெஷினுக்கு ஆளே தேவையில்ல. டம்ளரை வச்சா அதுவே ஊத்தும். உள்ள இருக்கற புரோகிராமை நானே கண்ணால பாத்தேன். அதுல வெட்டியா ஒரு வரி கூட இன்னிக்குக் கிடையாது. சும்மா இருந்த அத்தனை பேரையும் நேத்து நானே என் கையால எடுத்துட்டேன்."

மேஜைக்கு அடியில் குனிந்து குழாய் மாட்டிக்கொண்டிருந்த சுகன்யாவின் தலை பலகையில் டங்கென்று இடித்தது. "மாமா, எதை எடுத்தீங்க?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அதற்குள் தனபால் டம்ளரை வைத்துவிட்டார்.

பெட்டி அவரைப் பார்த்துத் துப்பியது.

வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. கொட்டவில்லை, ஊற்றவில்லை. "ப்ச்" என்று ஒரு வாய் மோரைத் துப்பிவிட்டு மூடிக்கொண்டது. தனபால் டம்ளரை எடுத்துப் பார்த்தார். அடி நனைந்திருந்தது. மறுபடி வைத்தார். ப்ச். டம்ளரை எடுக்கலாமா என்று அவர் யோசிப்பதற்குள் இன்னொரு ப்ச், புறங்கையில். குடிக்கிறவர் டம்ளரை எடுப்பதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டிய இடத்திலும் நாப்கள்தான் இருந்திருக்கிறார்கள். அவர்களையும் நான் அனுப்பிவிட்டேன். பெட்டிக்குக் காத்திருக்கவே தெரியவில்லை.

"தலைவரே, முத ருசி காட்டுது, அவ்ளோதான்" என்றேன்.

தனபால் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, குழாயில் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பெட்டிக்குக் கண் தெரியும் என்று சொன்னேன் இல்லையா? டம்ளருக்கும் சங்கத் தலைவர் முகத்துக்கும் வித்தியாசம் தெரிகிற அளவுக்குக் கண் தெரியாது. ப்ச், ப்ச், ப்ச். தங்க பிரேமின் இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிட்டது. மீசையிலிருந்து பெருங்காய வாசனையோடு மோர் சொட்டியது.

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள். "பொட்டிக்குள்ள ஆளு குந்திகினு கொப்பளிக்கறான் போல இருக்கு. வா, அந்தாண்ட பந்தல்ல பானகம் தராங்களாம்."

வரிசை கலைய ஆரம்பித்தது. நான் விடவில்லை. பெட்டி முன்னால் போய் நின்று, டம்ளரை வைப்பதும் எடுப்பதுமாகப் பல தடவை துப்ப வைத்து, ஒரு டம்ளர் நிரப்பி ஒருவரிடம் நீட்டினேன். ஆளே தேவையில்லாத மெஷினுக்கு ஆளாக நான் நின்றேன். வேட்டியில் முழங்கால் வரைக்கும் மோர். பின்னால் சுகன்யா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"மாமா, நாப்ங்க எல்லாம் எங்க?"

"அனுப்பிட்டேம்மா."

"ஒருத்தர் கூடவா இல்ல?"

"கடைசியா ஒருத்தன் இருந்தான். அவனுக்கு மட்டும் எதுக்கு சலுகைன்னு..."

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. மெதுவாக, யாருக்கும் கேட்காமல் கேட்டாள். "உங்க மொட்டை மாடியில உக்காந்துகினு இருக்கறவங்க எல்லாரும் நாப்தான் மாமா. அவங்களை எடுத்துட்டா கெஸ்ட் ஹவுஸ் இன்னா ஆகும்?"

நான் டம்ளரில் மோர் பிடிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு திரும்பிக்கொண்டேன். ஒரு ப்ச் என் கன்னத்தில் விழுந்தது.

தனபால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாக்கலாம்மா" என்றார் சுகன்யாவிடம். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். பிரபு ஏற்கெனவே போனை எடுத்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். சென்னைக் கம்பெனி நம்பராகத்தான் இருக்கும். பேத்தியின் தடதட சத்தம் படிக்கட்டை விட்டு, ஊரை விட்டுப் போவதை நான் காதால் கேட்டேன்.

அப்போதுதான் மல்லிகா வந்தாள். வீட்டிலிருந்து இன்னொரு குடம் மோர் கொண்டுவந்தவள், நான் நீட்டிய டம்ளரை எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு துப்பல் அளவு மோர்.

"ஏங்க, தாகத்துக்கு மோர் குடுக்கறீங்களா, இல்ல காய்ச்சலுக்குக் கஷாயம் குடுக்கறீங்களா?"

பந்தலே சிரித்தது. ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. தனபால் துடைப்பதை நிறுத்திவிட்டு டம்ளரை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். இன்னொரு டம்ளரை வைத்து ஒரு துப்பல் பிடித்தார், அதையும் பார்த்தார். இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"யம்மா, எல்லாம் ஒரே அளவா வருதே."

"வரும்ங்க. எண்ணித்தான் தொறந்து மூடுது" என்றாள் சுகன்யா.

"மழைக்காலத்துல நாங்க நிலவேம்புக் கஷாயம் ஊத்தறோம் பாரு, அதுக்கு இந்த அளவுதான் வேணும். நம்ம பசங்க கையால ஊத்தினா ஒருத்தனுக்கு அரை டம்ளர் போகுது, அவன் கசப்புல செவுத்துல துப்பிட்டுப் போறான். இன்னொருத்தனுக்கு நாக்கு கூட நனையறதில்ல. அதுக்கு இது வருமா?"

"வரும்ங்க. மோருக்கும் அதே பொட்டிதான். நடுவுல எத்தனை நாப் நிக்கணும்னு மாத்தினா போதும்."

"அப்ப மோரு?"

"இப்பவே காட்றேன்ங்க."

முந்தின நாள் காலையில் எடுத்து வைத்த காப்பி அவளுடைய பென் டிரைவில் இருந்தது. பந்தல் கம்பத்தில் சாய்ந்து நின்றபடியே சிப்பில் ஏற்றினாள். அந்த நேரம் முழுக்க நான் பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. நின்றேன். தனபால் டம்ளரை வைத்தார். (முகத்தை வைக்கவில்லை.) வால்வு திறந்தது, மோர் நிதானமாக இறங்கியது, விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. அவர் எடுத்துக் குடிக்கிற வரைக்கும் பெட்டி காத்திருந்தது. என் கண்ணுக்கு அவர்கள் அத்தனை பேரும் தெரிந்தார்கள். நான் அனுப்பிய ஆட்கள் திரும்பி வந்து, பழைய இடத்தில் வரிசையாக நின்று, ஒன்றும் செய்யாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

ஆர்டர் வந்தது. கோடைக்கு மோர்ப் பெட்டி, மழைக்குக் கஷாயப் பெட்டி. மாடியில் இப்போது பட்டறை, பேத்தி வேங்கிக்காலிலேயே படிக்கிறாள், படிக்கட்டு தினமும் அதிர்கிறது.

சாப்பிட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்தால் போதும், மல்லிகா மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். "சுகன்யா, இங்க ஒருத்தர் ஒண்ணும் செய்யாம உக்காந்துனு இருக்காரு. எடுத்துடலாமா?"

மேலிருந்து பதில் வரும். "வேணாம் அத்தை. அவரை எடுத்தா மத்ததெல்லாம் தாறுமாறா ஓடும்."

வருகிற விருந்தாளிகள் எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் ஒரு விஷயத்தை நான் விடுவதாக இல்லை. போன மழைக்கு முதல் கஷாயப் பெட்டி பந்தலுக்குப் போனது. அதன் முன்பக்கத் தகட்டில் உபயம் சங்கம் என்று இருக்கிறது, வடிவமைப்பு சுகன்யா என்று இருக்கிறது. யோசனை மல்லிகா என்று கூட இருக்கிறது. அந்த அளவை முதன்முதலில் உலகத்துக்குக் காட்டியவன் யார்? ஒரு விரலால், ஒரு மத்தியானத்தில், யார் உதவியும் இல்லாமல் அந்த அளவைக் கொண்டுவந்தவன் யார்?

மருமகளிடம் கேட்டேன். தகட்டின் அடியில் ஒரு வரி காலியாக விட்டிருப்பதைக் காட்டினாள். "இடம் புடிச்சு வச்சிருக்கேன் மாமா. பின்னாடி போட்டுக்கலாம்" என்றாள்.

துண்டு போட்ட சீட்டில் உட்கார்ந்து, சண்டை போட்டு ஜெயித்தவன் நான். அடுத்த மழை வருவதற்குள் அந்த வரியில், என் கெஸ்ட் ஹவுஸுக்கு அடித்த அதே மஞ்சள் பெயிண்டில், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற எழுத்தில் எழுதியாக வேண்டும்: அளவு கண்டுபிடித்தவர், ஏழுமலை.